தெற்கு ஆப்பிரிக்க இலக்கியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் கூட்டங்களில் தெற்கு ஆப்பிரிக்க நாவல்களைப் பற்றிச் சில வருடங்களாகப் பேசி வருகிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும், அப்புறம் வாட்ஸப்பிலும், வெவ்வேறு ஆட்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தெற்கு ஆப்பிரிக்கான்னா தென்னாப்பிரிக்காதானே? ரெண்டும் ஒண்ணா, வேறயா?

வேறு. தென்னாப்பிரிக்கா ஒரு நாடு. தெற்கு ஆப்பிரிக்கா என்று இங்கே நான் சொல்வது கண்டத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும்: தென்னாப்பிரிக்காவோடு ஜிம்பாப்வே, பொட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி, மொசாம்பிக், ஜாம்பியா, மலாவி, அங்கோலா.

இந்த நாடுகள் விடுதலை பெற்ற காலத்திலேயே முப்பது வருட இடைவெளி இருக்கிறது. ஜாம்பியாவும் மலாவியும் 1964, பொட்ஸ்வானாவும் லெசோத்தோவும் 1966, மொசாம்பிக்கும் அங்கோலாவும் 1975, ஜிம்பாப்வே 1980, நமீபியா 1990. தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ஓட்டுப் போட்டது 1994இல். ஒரு நாட்டு எழுத்தாளர் சுதந்திரம் தந்த ஏமாற்றத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாட்டு எழுத்தாளர் சுதந்திரத்துக்காகவே நாடுகடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவை மட்டும் படித்தால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். கீழே வரும் பதில்களில் நான் அடிக்கடி எல்லை தாண்டுவது அதனால்தான்.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க. எதுலருந்து ஆரம்பிக்கலாம்?

ஜிம்பாப்வேயின் சித்சி டங்கரெம்ப்கா 1988இல் வெளியிட்ட ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’. தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அண்ணன் செத்ததில் தனக்கு வருத்தமில்லை என்று கதை சொல்லும் பெண் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று புரிய வைப்பதற்குத்தான் மீதி நாவல்.

1960களின் ரொடீசியா, அதாவது விடுதலைக்கு முந்தைய ஜிம்பாப்வே. கதை சொல்லும் தம்புவின் வீட்டில் அண்ணன் படிக்கலாம், அவள் படிக்கப் பணமில்லை. ஒரு துண்டு நிலத்தில் தானே மக்காச்சோளம் போடுகிறாள். விளைந்த கதிர்களை அண்ணன் திருடி நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். மிச்சத்தை விற்க ஆசிரியர் அவளை உம்டாலி நகரத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, சிறுமியை வேலை வாங்குவதாக முதலில் சத்தம் போட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் பத்துப் பவுண்டு கொடுக்கிறார். அந்தப் பணம் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போகிறது. அப்பா அங்கே போய், மகளின் பணம் எனக்குத்தான் சொந்தம் என்று வாதாடுகிறார்! இந்தச் சில பக்கங்களில் காலனி ஆட்சி, வறுமை, ஆண் ஆதிக்கம் மூன்றும் ஒரு சோளக்கதிரைச் சுற்றி வந்து நிற்கின்றன. பிரசங்கம் ஒரு வரிகூட இல்லை.

பிடித்துப்போனால் இதன் தொடர்ச்சியாக ‘தி புக் ஆஃப் நாட்’ (2006), ‘திஸ் மோர்னபிள் பாடி’ (2018) இரண்டும் உண்டு. மூன்றாவதில் தம்பு நடுவயதுப் பெண். அது மனதைப் பிசைகிற புத்தகம். முதல் இரண்டைப் படித்த பிறகு அதற்குப் போவது நல்லது.

எல்லாம் நிறவெறிக் கதைதானே? அது 1994லயே முடிஞ்சு போச்சே, இப்ப என்ன எழுதறாங்க?

சட்டம் முடிந்தது. நிலம் யாரிடம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் அப்படியே இருந்தது. 2021இல் புக்கர் பரிசு பெற்ற டேமன் கால்கட்டின் ‘தி பிராமிஸ்’ அதைத்தான் கையில் எடுக்கிறது. பிரிட்டோரியாவுக்கு அருகே ஒரு வெள்ளையர் பண்ணை. சாகப்போகும் மனைவி, வேலைக்காரி சலோமி குடியிருக்கும் வீட்டை அவளுக்கே எழுதிக் கொடுக்கும்படி கணவனிடம் வாக்கு வாங்குகிறாள். கடைசி மகள் ஆமோர் அதைக் கேட்டுவிடுகிறாள். 1986இல் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல், நான்கு சாவுகளின் வழியாக, அந்த வாக்கு தள்ளிப்போகிறது. ஆட்சி மாறுகிறது, அதிபர்கள் மாறுகிறார்கள், சலோமியின் வீடு மட்டும் அவள் பெயருக்கு வரவில்லை.

வேறு திசைகளும் இருக்கின்றன. பஸ்வானே ம்பேயின் ‘வெல்கம் டு அவர் ஹில்புரோ’ (2001) ஜோகன்னஸ்பர்க் நகரின் நெரிசலான ஒரு பகுதியைப் பற்றியது. இறந்துபோன ஒருவனை ‘நீ’ என்று அழைத்துப் பேசியே முழுக்கதையும் நகர்கிறது. எய்ட்ஸ், மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் மீதான வெறுப்பு, எல்லாக் கேட்டுக்கும் நகரத்தையும் வந்தேறிகளையும் குற்றம் சொல்லும் கிராமம், எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில் உண்டு. அதே வருடம் கே. செல்லோ டைக்கர் ‘தி கொயட் வயலன்ஸ் ஆஃப் ட்ரீம்ஸ்’ எழுதினார். ம்பே 2004 டிசம்பரில் 34 வயதில் இறந்தார்; டைக்கர் அடுத்த மாதமே 30 வயதில். புதிய தென்னாப்பிரிக்காவின் குரலாக எல்லோரும் நம்பிய இரண்டு பேர். அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறுவதில்லை.

சாவையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் கதை வேண்டுமென்றால் ஜேக்ஸ் ம்டாவின் ‘வேஸ் ஆஃப் டையிங்’ (1995). டொலோகி என்பவர் தொப்பியும் மேலங்கியும் அணிந்து சாவுவீடுகளில் போய் அழுகிறார், கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். நிறவெறி ஆட்சி விடைபெறும் அந்த ரத்தக்களரி நாட்களில் அவருக்கு வேலை இல்லாத நாளே இல்லை.

பொட்ஸ்வானான்னா அந்தத் துப்பறியும் அம்மா கதைதானே?

அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித்தின் ம்மா ரமோட்ஸ்வே தொடரைச் சொல்கிறீர்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர், பிறந்தது இன்றைய ஜிம்பாப்வேயில் உள்ள புலவாயோவில். இதமான கதைகள்தாம், தாராளமாகப் படியுங்கள். ஆனால் பொட்ஸ்வானாவைத் தேடிப் போகிறவர் பெஸ்ஸி ஹெட்டைப் படிக்காமல் திரும்பக் கூடாது.

1937இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், ஒரு மனநல மருத்துவமனையில், வெள்ளைக்காரத் தாய்க்கும் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்தவர். அப்படி ஓர் உறவே அன்று சட்டத்துக்குப் புறம்பு. 1964இல் திரும்பி வர முடியாத வெளியேற்ற அனுமதிச்சீட்டில் சிறு மகனோடு நாட்டைவிட்டுக் கிளம்பி, செரோவே என்ற பெரிய கிராமத்துக்கு வந்தார். 1979இல்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அதுவரை நாடற்ற அகதி. ‘வென் ரெயின் க்ளவுட்ஸ் கேதர்’ (1968) வறண்ட மண்ணில் கூட்டாக விவசாயம் செய்யப் பார்க்கும் ஜனங்களின் கதை. ‘எ கொஸ்சன் ஆஃப் பவர்’ (1973) சித்தப்பிரமையை உள்ளிருந்தே எழுதிய நாவல். அதில் கதாநாயகியைப் பிழைக்க வைப்பது மருந்தைவிடவும் ஒரு கூட்டுறவுக் காய்கறித் தோட்டம்தான். அவள் அங்கே நெல்லிபோன்ற ஒரு சிறு பழத்தைப் பயிரிட்டு ஜாம் செய்து விற்கிறாள். பைத்தியத்தின் நடுவே அந்த ஜாம் காய்ச்சும் பக்கங்கள் வருகிறபோது நமக்கே மூச்சு திரும்புகிறது.

செரோவே ஜனங்களிடமே கதை கேட்டு, ‘செரோவே: வில்லேஜ் ஆஃப் தி ரெயின் விண்ட்’ (1981) என்ற வாய்மொழி வரலாற்றையும் தொகுத்தார். 1986இல் 48 வயதில் மறைந்தார். அவருடைய கடிதங்களும் காகிதங்களும் செரோவேயில் உள்ள மூன்றாம் காமா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நோபல் வாங்கின ரெண்டு பேருமே வெள்ளைக்காரங்க. கறுப்பின எழுத்தாளர்கள் எங்கே போனாங்க?

நதீன் கார்டிமர் (1991), ஜே.எம். கூட்ஸி (2003) இருவரையும் சொல்கிறீர்கள். இருவரும் பெரிய எழுத்தாளர்கள். ஆனால் கேள்வி நியாயமானது, பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1950இல் வந்த கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டவரின் வரி ஒன்றை மேற்கோள் காட்டினாலே குற்றம். 1966இல் நாடுகடந்து வாழ்ந்த எழுத்தாளர்களை வரிசையாக அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு தலைமுறையின் மொத்த எழுத்தும் சொந்த நாட்டில் இல்லாமல் போனது.

அதனால் அந்தப் புத்தகங்களின் முகவரியைப் பார்த்தால் உலகமே சுற்றும். எஸ்கியா ம்பாஹ்லேலே 1957இல் நைஜீரியாவுக்குப் போனார். இருபது வருடம் கழித்துத்தான் திரும்பினார். கேப் டவுனின் ஆறாவது வட்டாரத்து மனிதர்களை எழுதிய அலெக்ஸ் லா குமாவின் ‘எ வாக் இன் தி நைட்’ 1962இல் வெளிவந்தது நைஜீரியாவின் இபதானில். மிரியம் ட்லாலி ஜோகன்னஸ்பர்க்கில் தவணைக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த அனுபவத்தை நாவலாக எழுதி, வெட்டிச் சுருக்கப்பட்ட வடிவில் 1975இல்தான் வெளியிட முடிந்தது. நாட்டுக்குள் ஒரு கறுப்பினப் பெண் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் நாவல் அது. 1979இல் அதையும் தடை செய்தார்கள்.

உள்ளே நின்று போராடிய பதிப்பகங்களும் இருந்தன. ரேவன் பிரஸ் 1978இல் ‘ஸ்டாஃப்ரைடர்’ பத்திரிகையைத் தொடங்கியது. கறுப்பினக் குடியிருப்புகளின் எழுத்துக் குழுக்கள் அனுப்பிய கவிதைகளும் கதைகளும் அதில் வந்தன. முதல் இதழே தடையானது. பத்திரிகை நிற்கவில்லை. கூட்ஸியின் முதல் நாவலை 1974இல் போட்டதும் இதே ரேவன்தான்.

கூட்ஸி ஏன் ஆஸ்திரேலியா போயிட்டார்? திட்டினாங்கன்னு கோபமா?

‘டிஸ்கிரேஸ்’ 1999இல் அவருக்கு இரண்டாவது புக்கர் வாங்கித் தந்தது. வேலையிழந்த ஒரு வெள்ளைப் பேராசிரியர், பண்ணையில் தனியாக வாழும் மகள், அங்கே நடக்கும் வன்முறை. 2000இல் ஊடகங்களில் இனவாதம் பற்றி மனித உரிமை ஆணையம் நடத்திய விசாரணையில் ஆளுங்கட்சியான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ், கறுப்பினத்தவரை வெள்ளையர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த நாவலை எடுத்துக்காட்டியது. 2002இல் அவர் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்தார். 2006இல் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனார். இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. தேதிகள் அடுத்தடுத்து வருவதை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நாவலைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. மகள் லூசி தனக்கு நடந்ததைப் பற்றிப் பேச மறுக்கிறாள். தந்தையின் பார்வை மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அதுதான் நாவலின் பலம் என்பார்கள் சிலர், அதுதான் குறை என்பார்கள் வேறு சிலர். எனக்கு அந்த மௌனம் மிகுந்த கவனத்தோடு கட்டியதாகவே படுகிறது. ஆனால் ஒரு நாட்டைப் பற்றி இந்த ஒரு புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவது பெரிய அநியாயம். இதோடு சேர்த்து மேலே சொன்ன ம்பேயையும் ம்டாவையும் படியுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே காலம்.

ஜிம்பாப்வேல எழுத சுதந்திரம் இருக்கா? பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களாமே?

2020 ஜூலை இறுதியில் டங்கரெம்ப்காவின் மூன்றாவது நாவல் புக்கரின் நெடும்பட்டியலில் வந்தது. சில நாட்களில், ஜூலை 31 அன்று, ஹராரே தெருவில் ஒரு தோழியோடு சீர்திருத்தம் கோரும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. 2022இல் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் விதித்தார்கள். 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில் அந்த நாவல் புக்கரின் குறும்பட்டியலுக்கும் போயிருந்தது.

அங்கே எழுத்தாளர்களுக்கு நீண்ட காலம் தொடக்கூடாததாக இருந்தது 1980களின் குக்குராஹுண்டி. விடுதலைக்குப் பின் வந்த அரசின் படைகளே மட்டபெலேலாண்டில் பொதுமக்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. இவான் வேராவின் ‘தி ஸ்டோன் வர்ஜின்ஸ்’ (2002), கெசி என்ற ஊரில் இரண்டு சகோதரிகளின் வழியாக அந்த வருடங்களுக்குள் போகிறது. வேராவின் மொழி கவிதைக்கு மிக அருகில் நிற்கிறது. சொல்வதோ தாங்க முடியாத கொடுமை. நோவயலெட் புலவாயோ ‘குளோரி’ (2022) நாவலில் விலங்குகளை வைத்து, நீண்ட காலம் அதிபராக இருந்த முகாபேயின் வீழ்ச்சியை எழுதினார். அதிலும் அந்தப் பழைய ரத்தம் மேலே வருகிறது.

இதற்கெல்லாம் முன்னால் டம்புட்ஸோ மரேசெரா. ‘தி ஹவுஸ் ஆஃப் ஹங்கர்’ (1978) அவருக்குக் கார்டியன் புனைவுப் பரிசு வாங்கித் தந்தது. விடுதலை பெற்ற நாட்டுக்குத் திரும்பும் முன்பே அவருடைய அடுத்த நாவலை அங்கே தடை செய்துவிட்டார்கள்; தடை பிறகு நீங்கியது. ஹராரேயில் வீடில்லாமல் பூங்கா பெஞ்சுகளில் தூங்கி எழுதினார். 1987இல் 35 வயதில் போய்விட்டார். ஜிம்பாப்வே மட்டும் என்றில்லை: மலாவியின் கவிஞர் ஜாக் மபாஞ்சேயை 1987 முதல் 1991 வரை குற்றச்சாட்டே இல்லாமல் சிறையில் வைத்திருந்தார்கள்.

மொசாம்பிக் பத்தி யாருமே பேசறதில்லையே, அங்க எழுத்தாளர்களே இல்லையா?

இருக்கிறார்கள், போர்ச்சுகீசிய மொழியில். ஆங்கிலத்துக்கு வரத் தாமதமாவதால் நம் கண்ணில் படுவதில்லை. மியா கோட்டோ பெய்ராவில் பிறந்தவர், உயிரியலாளர். ‘ஸ்லீப்வாக்கிங் லாண்ட்’ மூலநாவல் 1992இல் வந்தது; பதினைந்து வருட உள்நாட்டுப் போர் முடிந்த அதே வருடம். துவாஹிர் என்ற கிழவரும் முயிடிங்கா என்ற சிறுவனும் சாலையோரம் எரிந்து கிடக்கும் ஒரு பேருந்துக்குள் தங்குகிறார்கள். அருகில் கிடந்த சடலத்தின் பெட்டியில் நோட்டுப் புத்தகங்கள். சிறுவன் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, பேருந்தைச் சுற்றியுள்ள நிலமே இடம் மாறத் தொடங்குகிறது.

பவுலினா சிசியானே 1990இல் வெளியிட்டதுதான் மொசாம்பிக் பெண் ஒருவரின் முதல் நாவல். ‘நிகெட்சே’ (2002) நாவலில் காவல்துறை உயர் அதிகாரியின் மனைவி ராமி, கணவனுக்கு வேறு குடும்பங்களும் இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். முதலில் போய்ச் சண்டை போடுகிறாள். அப்புறம் அந்தப் பெண்களையே ஒன்றுசேர்த்து, ஆளுக்கொரு சிறுதொழில் தொடங்க வைத்து, கணவனைத் திணறடிக்கிறாள். சிரிக்கவும் வைக்கும், கோபமும் மூட்டும். 2021இல் போர்ச்சுகீசிய மொழியின் உயர்ந்த பரிசான கமோயின்ஷ் அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கப் பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. இரண்டு நாவல்களையும் டேவிட் புரூக்‌ஷாவின் ஆங்கிலத்தில் படிக்கலாம்.

தாய்மொழியில எழுத மாட்டாங்களா? எல்லாமே இங்கிலீஷ்தானா?

தாய்மொழி எழுத்துதான் மூத்தது. லெசோத்தோவின் மொரிஜா என்ற ஊரில் பிரெஞ்சு மிஷனரிகளின் அச்சகம் இருந்தது. அங்கே வேலை பார்த்த தாமஸ் மொஃபோலோ செசோத்தோ மொழியில் எழுதிய முதல் நாவல் 1907இல் புத்தகமாயிற்று. ஜூலு மன்னன் பற்றிய ‘சாக்கா’வை 1910 வாக்கில் எழுதிக் கொடுத்தார். ஜனங்களைப் பழைய நம்பிக்கைகளுக்கு இழுத்துவிடும் என்று மிஷனரிகள் பயந்து, 1925 வரை அச்சிடவில்லை. ஆப்பிரிக்காவின் மகத்தான நாவல்களில் ஒன்று பதினைந்து வருடம் அலமாரியில் கிடந்தது! சோல் பிளாட்ஜே ஷேக்ஸ்பியரை செட்ஸ்வானாவுக்குக் கொண்டுவந்தார். மாசிசி குனேனே தன் காவியங்களை ஜூலுவில் எழுதி, தானே ஆங்கிலப்படுத்தினார்.

ஜிம்பாப்வேயின் சார்ல்ஸ் முங்கோஷி 1975இல் ஒரே வருடத்தில் ஷோனாவில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு முக்கிய நாவல்களைக் கொடுத்தார். ஷோனா நாவலாசிரியர் இக்னேஷியஸ் மபாசா தன் முனைவர் பட்ட ஆய்வேட்டையே ஷோனாவில் எழுதி, 2021இல் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். பெட்டினா கப்பாவும் டினாஷே முச்சூரியும் ஒரு நண்பர் குழுவோடு சேர்ந்து ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை ஷோனாவில் மொழிபெயர்த்து 2023இல் வெளியிட்டார்கள். அதில் விலங்குகள் ஷோனாவின் வெவ்வேறு வட்டார வழக்குகளில் பேசுகின்றன.

சிக்கல் எங்கே என்றால், சந்தையில். ஆப்பிரிக்க மொழிப் புத்தகங்களுக்குப் பள்ளிப் பாடத்திட்டம்தான் பெரிய வாடிக்கையாளர். பாடத்தில் வைக்கக்கூடிய மாதிரி எழுதினால் பதிப்பாளர் எடுப்பார், பெரியவர்களுக்கான துணிச்சலான நாவலுக்குக் கதவு குறுகல். டச்சிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழி மட்டும் விதிவிலக்கு: அதற்குப் பதிப்பகம், பத்திரிகை, பரிசு, காசு கொடுத்து வாங்கும் வாசகர் எல்லாம் உண்டு. நிறவெறி ஆட்சி ஒரு மொழிக்குக் கொட்டிக்கொடுத்து மற்ற மொழிகளைப் பட்டினி போட்டதன் மிச்சம் அது.

அங்க ஜனங்க புத்தகம் வாங்கறாங்களா? விலையெல்லாம் எப்படி?

தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. நீக்கச் சொல்லிப் பதிப்பாளர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடித்தளம் இன்னும் கவலைக்கிடம்: 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து படிக்க முடியாதவர்கள் என்று தெரிந்தது. ஜிம்பாப்வேயில் நகலெடுத்துக் கட்டிய திருட்டுப் பிரதிகள் தெருவோரத்தில் விற்கின்றன; எழுத்தாளருக்கு அதில் ஒரு காசு வராது.

இதை வைத்து ‘படிக்காத ஜனங்கள்’ என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். டூடூ புசானி டூபே என்ற பத்திரிகையாளர் ‘ஹ்லோமு தி ஒய்ஃப்’ நாவலைத் தானே அச்சிட்டு விற்றார். ஜூலுச் சகோதரர்களின் குடும்பம், காதல், குற்றம். வாய்வழியாகவே பரவி, தொடராக நீண்டு, 2021இல் ஷோமேக்ஸ் என்ற ஓடிடி தளத்தில் ‘தி ஒய்ஃப்’ என்று தொடர் நாடகமானது. தங்களைப் பற்றிய கதை, கைக்கு எட்டும்படி வந்தால் ஜனங்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள். 2011இல் தொடங்கிய ஃபண்ட்ஸா அறக்கட்டளை இளைஞர்களுக்கான கதைகளைக் கைபேசியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கேப் டவுனின் புக் டேஷ் இன்னொரு நல்ல காரியம்: எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் தன்னார்வலர்களாகக் கூடி, ஒரே நாளில், பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு குழந்தைப் புத்தகத்தை முடிக்கிறார்கள். யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்ற உரிமத்தோடு வெளியாகிறது. நம்மூர் ஸ்டோரிவீவர் தளத்திலும் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. தமிழிலும் சில கிடைக்கும், வீட்டில் குழந்தை இருந்தால் பாருங்கள்.

இலக்கிய விழாக்கள்ல ஏதோ பெரிய சண்டைன்னு கேள்விப்பட்டேனே?

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடக்கும் ஃபிரான்ஷூக் விழா 2007இல் தொடங்கியது. 2015இல் அந்த மேடையிலேயே நாவலாசிரியர் தண்டோ ம்கோலோசானா, இனி வெள்ளையர்களின் இலக்கிய விழாக்களுக்கு வர மாட்டேன் என்று அறிவித்தார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தன்னை எழுத்தாளராக அல்ல, ஆராய்ச்சிப் பொருளாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் ஆதங்கம். சொன்னதோடு நிற்கவில்லை. 2016 டிசம்பரில் சொவெட்டோவில் அபாண்டு புத்தக விழாவைத் தொடங்கினார். கறுப்பின வாசகர்களும் எழுத்தாளர்களும் மையமாக இருக்கும் விழா அது. டர்பனின் ‘டைம் ஆஃப் தி ரைட்டர்’ 1998இலிருந்தே நடக்கிறது.

பரிசு வாங்கினதைப் படிச்சா போதாதா? நல்லது எப்படியும் பரிசு வாங்கிடுமே?

பரிசுகளால் எனக்கே நல்ல புத்தகங்கள் தெரியவந்திருக்கின்றன, மறுக்கவில்லை. புலவாயோ (2011), ஜாம்பியாவின் நம்வாலி செர்பெல் (2015), தென்னாப்பிரிக்காவின் லிடுடுமலிங்கானி (2016) ஆகியோரை, ஆப்பிரிக்கச் சிறுகதைக்கான கெய்ன் பரிசுதான் வெளியுலகுக்குக் காட்டியது. செர்பெல் பரிசுப் பணத்தை மற்ற நான்கு போட்டியாளர்களோடு பங்கிட்டுக்கொண்டார். எழுத்தாளர்களை மோதவிடும் முறை பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார். அவருடைய ‘தி ஓல்ட் டிரிஃப்ட்’ நாவலில் கொசுக்கூட்டம் கதை சொல்கிறது, 1960களில் ஜாம்பியாவில் உண்மையாகவே நடந்த விண்வெளிக் கனவு வருகிறது. அறிவியல் புனைவு உண்டா என்று கேட்பவர்களுக்கு அதையும், லாரன் பியூக்ஸின் ‘ஜூ சிட்டி’யையும் சொல்வேன்.

ஆனால் கெய்ன், புக்கர் இரண்டும் பிரிட்டனில் முடிவாகின்றன. கேரன் ஜென்னிங்ஸின் ‘அன் ஐலண்ட்’ 2021இல் புக்கர் நெடும்பட்டியலில் வருவதற்கு முன் அச்சானது வெறும் 500 பிரதிகள். பட்டியலில் வராமல் போயிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. அப்படித் தெரியாமலே போனவை எத்தனையோ. 2002இல் ஜிம்பாப்வே பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியின் முயற்சியில் இருபதாம் நூற்றாண்டின் நூறு சிறந்த ஆப்பிரிக்க நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் உச்சப் பன்னிரண்டில் தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று: ‘சாக்கா’, ‘ஸ்லீப்வாக்கிங் லாண்ட்’, ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’. மேலே நான் சொன்ன அதே மூன்று. அந்தப் பன்னிரண்டில் நோபல் வாங்கிய இரண்டு தென்னாப்பிரிக்கர்களும் இல்லை.

அங்க இருக்கிற தமிழர்கள் எழுதியிருக்காங்களா?

ஆமாம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் வந்து நின்றது. அவர்கள் வழிவந்தவர்களில் முக்கியமானவர் ரோனி கோவிந்தர். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வளர்ந்தவர். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அந்த ஊரையே பெயர்த்து எறிந்தது. ‘அட் தி எட்ஜ்’ (1996) தொகுப்பில் அந்தத் தெருக்களை, அந்தப் பேச்சோடு திரும்ப எழுப்பியிருக்கிறார். அதில் ‘1949’ என்ற கதை, அந்த வருட ஜனவரியில் டர்பனில் இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைப் பற்றியது. ஒரு பக்கத்தை மட்டும் நல்லவர்களாக்காமல் எழுதிய கதை என்பதால் நான் அதை எல்லோரிடமும் சொல்கிறேன். 2021இல் மறைந்தார்.

இந்திய வம்சாவளி என்று விரித்தால், டர்பனின் கிரே தெருவை எழுதிய அசீஸ் ஹாசிம் (‘தி லோட்டஸ் பீப்பிள்’, 2002), ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க்கை எழுதிய அகமது எஸ்ஸோப் (‘தி ஹாஜி’, 1978). ஜோஆன் ஜோசப்பின் ‘சில்ட்ரன் ஆஃப் சுகர்கேன்’ (2021) நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய சாந்தி என்ற பெண்ணின் கதை.

சரி, இதெல்லாம் இங்க எங்க கிடைக்கும்?

கால்கட், டங்கரெம்ப்கா, புலவாயோ, செர்பெல், கூட்ஸி ஆகியோரின் புத்தகங்கள் இணையக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். பெஸ்ஸி ஹெட் பழைய புத்தகக் கடைகளிலும் கண்ணில் படுவார். ஹைன்மனின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசைப் பிரதிகளைத் தேடுங்கள். கேப் டவுனின் மொஜாஜி புக்ஸ், ஹராரேயின் வீவர் பிரஸ் மாதிரிச் சிறு பதிப்பகங்களின் நூல்களுக்கு, ஆப்பிரிக்கப் பதிப்பாளர்களே சேர்ந்து நடத்தும் ஆப்பிரிக்கன் புக்ஸ் கலெக்டிவ் இருக்கிறது. அச்சுப்பிரதி தபாலில் வர விலை கூடும். மின்னூல் இருந்தால் அதுவே நல்லது.

தமிழ்ல மொழிபெயர்க்கணும்னு ஆசை. யார்கிட்ட அனுமதி கேட்கணும்? பழசுக்கெல்லாம் அனுமதி வேணுமா?

இன்றைய எழுத்தாளர் என்றால் அவருடைய முகவரிடமோ பதிப்பகத்திடமோ எழுதிக் கேட்க வேண்டும். புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் விவரம் இருக்கும். இறந்தவர் என்றால், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. பெஸ்ஸி ஹெட் 1986இல் இறந்தவர், ஆகவே அனுமதி தேவை. மொஃபோலோ இறந்தது 1948இல், செசோத்தோ மூலத்துக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் மொழிபெயர்ப்போம், அந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. டேனியல் குனேனேயின் 1981 மொழிபெயர்ப்பை வைத்துச் செய்தால் கட்டாயம் அனுமதி வாங்க வேண்டும்.

சிக்கலில்லாமல் கையில் எடுக்கக்கூடியது பிளாட்ஜேயின் ‘ம்ஹூடி’. அவரே ஆங்கிலத்தில் எழுதியது. அவர் இறந்தது 1932இல். மட்டபெலே மன்னன் ம்சிலிகாசியின் படை 1830களில் பரோலாங் மக்களின் ஊரை அழித்த பிறகு, உயிர்தப்பிய ம்ஹூடி என்ற பெண்ணும் ரா-தாகா என்ற இளைஞனும் காட்டில் சந்தித்துக் குடும்பமாவதில் கதை தொடங்குகிறது. போரைப் பற்றி ஆண்கள் எடுக்கும் முடிவுகளை அவள் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்கிறாள். 1930இல் லவ்டேல் அச்சகம் வெளியிட்ட பதிப்பில் கைவைத்திருந்தார்கள். பிளாட்ஜேயின் தட்டச்சுப் பிரதி பின்னாளில் கிடைத்து, 1978இல் ஹைன்மன் அதன்படி வெளியிட்டது. மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது தொடங்கினால் எனக்கு எழுதுங்கள், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.